நூறு அடி

காலை ஆறேகாலுக்கு எண்ணூர்க் கழிமுகத்தின் வடகரையில்
ஒரு கூம்பை நிலத்தில் குத்தி நிற்கிறேன்.
ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன அடிவட்டம்,
மேலே கம்பி, கைப்பிடி, நடுங்கும் ஒரு முள்.
இரண்டு கையும் வயிறும் சேர்த்து அழுத்தினால்
நிலம் எவ்வளவு எதிர்க்கிறது என்று முள் சொல்லும்.

மேல்தோலில் உப்புப் பூத்துக் காய்ந்திருக்கிறது: தொள்ளாயிரம்.
ஒரு சாண் கீழே முந்நூறு.
அதற்கும் கீழே
கம்பி தானாக இறங்குகிறது,
யாரோ அடியிலிருந்து வாங்கிக்கொள்வதுபோல.
உருவி எடுத்தால் நுனியில் சாம்பல்.
குழாய் உடைந்த ஏதோ ஒரு வருஷத்துச் சாம்பல்,
களியோடு களியாகி, ஆனால் களியாகாமல்.

டிப்பர் கேபினிலிருந்து தேசப்பன் எட்டிப் பார்த்தான்.
"இன்னாக்கா, எவ்ளோ எறங்கும்?"
லோடோடு இருபத்தெட்டு டன், பத்து டயர்,
டயரில் காற்று, மண்ணில் ஈரம்,
நேற்றிரவு மழையா வெறும் பனியா.
"மொத நடைக்குப் பன்னெண்டு சென்டி" என்றேன்.
"அப்பால?"

அப்பாலதான் கணக்கே.
மணல் என்றால் கவலையில்லை.
முதல் வண்டி திணறிய இடம் அடுத்த வண்டிக்குப் பாதை,
மிதிக்க மிதிக்க இறுகும்.
களியைப் பிசைந்தால்
அது தன் பலத்தை மறந்துபோகும்.

எவ்வளவு மறக்கும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது.
மண்ணைக் குழாயில் அடைத்து, சின்னச் சுத்தியலால்
ஓர் அடி உயரத்திலிருந்து நூறு அடி.
பிறகு மறுபடி கூம்பு.
அடிக்கு முன் தாங்கியதில் அடிக்குப் பின் எத்தனை பங்கு மிச்சம்,
அதுதான் ஐம்பது நடைக்கான ஜாதகம்.
அறுபத்து மூன்றில் துறைமுகத்துக் கப்பல் ஒன்று ஊதி
எண்ணிக்கை தவறிப்போய், புது மண், முதலிலிருந்து.
பூஜ்யம் புள்ளி நாலு.
நான் மணலியில் பிறந்தவள்.
இந்தச் சோதனையை வீட்டில் யாருக்கும் விளக்கியதில்லை.

ஐந்தாம் நடையில் அச்சு தட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.
காண்டிராக்டர் ஆபீஸில் ஜெபமணி சார்
காகிதத்தைக் கவிழ்த்து அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

ஐந்தாவது இல்லை, நான்காவது.
ஓதம் ஏறுவதை அரைமணி தாமதமாகப் போட்டிருந்தேன்,
தப்பு என்னுடையது.
தேசப்பன் கதவைத் திறந்து குதித்தான்,
முழங்கால்வரை போனான்,
ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஏறினான்.
"நீ சொன்னதுக்கு ஒண்ணு கம்மிக்கா."
சிரித்தான். அதுதான் எனக்கு உறுத்தியது.

கிரேன் வர மூன்று மணி நேரம்.
அந்நேரம் நாலு பெண்கள்
பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு
இறால் தடவியபடி சேற்றில் தவழ்ந்து போனார்கள்.
கை, முழங்கால், வயிறு என்று உடம்பைப் பரப்பி.
ஒரு சதுர சென்டிக்கு எத்தனை கிராம் என்று
பழக்க தோஷத்தில் போட்டுப் பார்த்தேன்.
நிமிர்ந்து நடந்தால் என் குதிகால்
ராட்சதச் சங்கிலி வண்டியைவிட ஆழமாக அழுத்தும்.
அவர்கள் போன சுவடு இரண்டு விரற்கடை.
ஓதம் வந்து அதையும் வாங்கிக்கொண்டது.

டிப்பரின் தடத்தை வாங்கவில்லை, நிரப்பியது.
டேப்பை விட்டு அளந்தேன், நாற்பத்தேழு.
அதற்குள் ஒரு உளுவைக்குஞ்சு அங்கே குடியேறி
தடத்தின் நீளத்துக்கும் போய்ப் போய்த் திரும்பியது,
இரு முனையிலும் ஆறு இல்லாததை
ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்து.

பாரத்தில் 'கணித்தது' ஒரு கட்டம், 'நடந்தது' ஒரு கட்டம்.
இரண்டையும் பேனாவால் நிரப்பினேன்.
'குறிப்பு' என்ற இடத்தில் எழுதினேன்:
செருப்பு ஒன்று, இடது கால், ஒன்பதாம் நம்பர்,
இன்னும் கீழே.